செய்தியும் சேமிப்பும்: ஐம்பது வருஷத்துக் கணக்கு

2024 ஜூன் 4, செவ்வாய்க்கிழமை. லோக் சபா தேர்தலின் ஓட்டு எண்ணிக்கை நாள். காலை பூஜையை முடித்துவிட்டு நான் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணி வாக்கில் குர்காவிலிருந்து போன். பேசியது என் அண்ணாவின் பேரன், முப்பது வயதுப் பையன்.

“தாத்தா, மார்க்கெட் அதல பாதாளத்துக்குப் போயிண்டிருக்கு. என்னோட ஃபண்டையெல்லாம் இப்பவே வித்துடட்டுமா?”

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருபது வருஷத்துக்கு முன் இதே கேள்வியை என்னையே கேட்டுக்கொண்டு, தப்பான பதிலைச் சொல்லிக்கொண்டவன் நான். அதற்கான விலையைக் கொடுத்தது நானல்ல, இந்தப் பையன்தான். அவனுக்கு அது தெரியாது.

“அரை மணி கழித்து நானே கூப்பிடுகிறேன், அதுவரை எதையும் தொடாதே” என்று சொல்லி போனை வைத்தேன். அந்த அரை மணியில் என் மனதில் ஓடியதைத்தான் நமது அங்கத்தினர்களுக்காக இங்கே எழுதுகிறேன். நான் பொருளாதாரம் படித்தவனல்ல. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு, மத்திய சர்க்காரில் 38 வருஷம் ஃபைல் பார்த்தவன். ஆகவே இதை முதலீட்டு ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கிழவனின் அனுபவக் குறிப்பு, அவ்வளவே.

ஆடும் முள்

திருச்சியில் கல்லூரியில் படித்தபோது கால்வனாமீட்டர் பரிசோதனை உண்டு. சாவியை அழுத்தி மின்சாரத்தைச் செலுத்தியதும் முள் ஒரேயடியாக ஒரு பக்கம் ஓடும், பிறகு எதிர்ப்பக்கம் ஓடும். பத்து, பதினைந்து தடவை ஆடிவிட்டுத்தான் ஓர் இடத்தில் நிற்கும். அவசரக்காரப் பையன்கள் ஆடும்போதே எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். எங்கள் டெமான்ஸ்ட்ரேட்டர் அந்தத் தாளை அப்படியே அடித்துவிடுவார். “முள் ஆடறச்சே எடுத்தது ரீடிங்கே இல்லை” என்பார்.

அந்த வார்த்தையின் அர்த்தம் வீட்டிலேயே ஒருநாள் புரிந்தது. 1969 ஜூலை 19 சனிக்கிழமை, இந்திரா காந்தி அரசாங்கம் அவசரச் சட்டத்தின் மூலம் 14 பெரிய வங்கிகளை தேசியமயமாக்கியது. அப்போது நான் டிகிரி முடித்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் வேலைக்காகக் காத்திருந்தேன். ஜூலை 21 திங்கட்கிழமை காலையில் ஊரெல்லாம் சந்திரனில் மனிதன் கால் வைத்த பேச்சு. என் தகப்பனார் மட்டும் வங்கி வாசலில் நின்றுகொண்டிருந்தார். “சர்க்கார் வங்கியை எடுத்துண்டா நம்ம பணத்தையும் எடுத்துக்கும்” என்பது அவர் கட்சி. இருந்த 1,800 ரூபாயையும் எடுத்து வந்து டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

அவர் பயத்துக்கும் காரணம் இல்லாமலில்லை. 1906-ல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலாகி, எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு போன கதையை அவர் தம் தகப்பனாரிடம் கேட்டு வளர்ந்தவர். அந்த இடியிலிருந்துதான் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் முதலானோர் முயற்சியால் 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது. 1960-ல் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்ததைத் தகப்பனாரே பார்த்தார். அதன்பின் 1962-ல் டெபாசிட் இன்ஷூரன்ஸ் வந்தது. ஆனால் ஆரம்பத்தில் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரைதான்.

தை பிறந்ததும் தகப்பனார் மனம் மாறிப் பணத்தைத் திரும்ப வங்கியில் போட்டார். 1970 பிப்ரவரி 10 அன்று சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டம் செல்லாது என்றது. மறுபடியும் பாஸ்புக்கைத் தேட ஆரம்பித்தார். “முதல்ல அவா ஒரு தீர்மானத்துக்கு வரட்டும், அப்புறம் போங்கோ” என்று அம்மா தடுத்தாள். நாலே நாளில், பிப்ரவரி 14 அன்று, புது அவசரச் சட்டம் வந்தது. பணம் இருந்த இடத்திலேயே பத்திரமாக இருந்தது. ஆறு மாத வட்டிதான் நஷ்டம். பௌதிகம் படிக்காத அம்மாவுக்கு முள் நிற்கக் காத்திருக்கத் தெரிந்திருந்தது.

ரூபாயின் அரை ஆயுள்

1971-ல் டில்லிக்கு வந்தேன். அண்ணா ஏற்கெனவே இங்கே ரயில்வேயில் இருந்தார். 1974 எங்களைப் போன்ற சம்பளக்காரர்களுக்கு மறக்க முடியாத வருஷம். மே மாதம் ரயில்வே வேலைநிறுத்தம். ஜூலையில் கட்டாய டெபாசிட் அவசரச் சட்டம். கூடுதலாக வரும் பஞ்சப்படியில் பாதி கைக்கு வராது, டெபாசிட்டாகப் பிடித்துக்கொள்வார்கள். ‘நம் வாயில் மண்ணைப் போட்டார்கள்’ என்று ஆபீஸ் கான்டீனில் கத்தாதவர் கிடையாது.

பின்னால் கணக்குப் பார்த்தால் வேடிக்கை. பிடித்த பணம் தவணை தவணையாக வட்டியோடு திரும்ப வந்துவிட்டது. திரும்ப வராதது வேறு. அந்த வருஷம் மொத்த விலைவாசி 20 சதவீதத்துக்கு மேல் ஏறியது. சட்டம் தொடாத சேமிப்பையும் அது தொட்டது. அதற்கு அவசரச் சட்டமும் கிடையாது, ஊர்வலமும் கிடையாது.

ரேடியம் போன்ற பொருள்களுக்கு அரை ஆயுள் என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட காலத்தில் இருப்பது பாதியாகும், மறுபடி அதே காலத்தில் பாதியில் பாதியாகும். ரூபாய்க்கும் அது பொருந்தும். 72-ஐ விலைவாசி உயர்வின் சதவீதத்தால் வகுத்தால், நம் பணத்தின் வாங்கும் சக்தி ஏறக்குறைய எத்தனை வருஷத்தில் பாதியாகும் என்று தெரியும். 6 சதவீதமென்றால் 12 வருஷம். 8 சதவீதமென்றால் 9 வருஷம். அறுபதில் ஓய்வு பெற்று எண்பது தாண்டி வாழ்கிற நமக்கு இது இரண்டு தடவை நடக்கும். அரசன் அன்று கொல்வான், விலைவாசி நின்று கொல்லும்.

அண்ணாவின் பங்குகள்

இதை என்னைவிட முன்னதாகவே புரிந்துகொண்டவர் அண்ணா. 1973-ல் வந்த அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி, இங்கிருந்த வெளிநாட்டுக் கம்பெனிகளில் பல தங்கள் பங்கை 40 சதவீதமாகக் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஜனதா ஆட்சி வந்த பிறகு, 1977-78-ல் கோகோ கோலாவும் ஐ.பி.எம்.மும் மூட்டை கட்டின. பத்திரிகைகளில் அதுவே பெரிய செய்தி. “தொழிலே படுத்துவிடும், பங்கு வாங்குவது பைத்தியக்காரத்தனம்” என்று நான் அண்ணாவிடம் வாதாடினேன்.

அவர் சொன்னார்: “போறவாளைப் பத்தித்தான் பேப்பர்ல போடுவான். இருக்கறவா என்ன பண்றான்னு பாரு.” இருந்த கம்பெனிகள் தங்கள் பங்குகளை இந்தியப் பொதுமக்களுக்கு விற்றுக்கொண்டிருந்தன. அந்தக் காலத்தில் வெளியீட்டு விலையைக் கன்ட்ரோலர் ஆஃப் கேப்பிடல் இஷ்யூஸ் என்ற சர்க்கார் அதிகாரி நிர்ணயிப்பார். பெரும்பாலும் குறைந்த விலைதான். மாதச் சம்பளக்காரர்கள் முதல் தடவையாகப் பங்கு விண்ணப்பம் எழுதக் கற்றது அப்போதுதான். அண்ணா 50, 100 என்று நாலைந்து நல்ல கம்பெனிகளில் வாங்கினார். விற்கவே இல்லை. 1992-ல் ஹர்ஷத் மேத்தா விவகாரத்தில் பங்குச் சந்தையே ஆடிப்போனபோதும் தொடவில்லை.

பேரன் பிறந்த பிறகு அந்தக் காகிதங்களை ஒரு தனி ஃபைலில் போட்டு, ‘குழந்தையின் படிப்புக்கு’ என்று மேலே எழுதினார். டிமேட் கணக்கு வந்ததும் மன்னியோடு என்னையும் கூட்டாகச் சேர்த்தார். 2002-ல் காலமானார். மன்னிக்குப் பங்கு, தரகர் எல்லாம் புரியாத விஷயம். “நீ பார்த்துக்கோடா” என்று விட்டுவிட்டார்.

2004 மே 17

2004 மே 13, வியாழக்கிழமை, தேர்தல் முடிவு வந்தது. ‘இந்தியா ஒளிர்கிறது’ என்று பிரசாரம் செய்த வாஜ்பாய் அரசாங்கம் தோற்கும் என்று சந்தை எதிர்பார்க்கவில்லை. புது அரசாங்கம் இடதுசாரிகளின் தயவில் நடக்க வேண்டும். பொதுத்துறைப் பங்கு விற்பனைக்கான அமைச்சகம் வேண்டாம் என்று அவர்கள் பேசியது சனி, ஞாயிறு முழுக்க டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. நான் இரண்டு நாளும் அதன் முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை 5,069-ல் முடிந்த சென்செக்ஸ், 17-ஆம் தேதி திங்கட்கிழமை திறந்ததிலிருந்தே சரிந்தது. 10 சதவீதம் விழுந்ததும் விதிப்படி வர்த்தகத்தை நிறுத்தினார்கள். எங்கள் ஆபீஸில் ஒரு மேலதிகாரியின் அறையில் மட்டும் டிவி உண்டு. பத்துப் பேர் அங்கே கூடி நின்றோம். “இனி ரஷ்யா மாதிரி ஆயிடும் சார்” என்றார் ஒருவர். நான் வராந்தாவுக்கு வந்து தரகருக்குப் போன் செய்து, “என்ன விலையானாலும் சரி, எல்லாவற்றையும் விற்றுவிடுங்கள்” என்றேன். சந்தை மறுபடி திறந்த அந்தச் சில நிமிஷங்களில் அண்ணாவின் 26 வருஷத்துப் பங்குகள் கைமாறின. உடனே சரிவு 15 சதவீதத்தைத் தாண்டி இரண்டாம் தடவையும் வர்த்தகம் நின்றது. அன்றைய அடிமட்டம் 4,227. மாலையில் 4,505-ல் முடிந்தது. நான் விற்றது அந்த அடிமட்டத்துக்குப் பக்கத்தில். வெள்ளிக்கிழமை நாலு லட்சத்துக்குச் சற்று மேல் மதிப்பிருந்ததற்கு 3 லட்சத்து 40 ஆயிரம் கிடைத்தது.

மன்னியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம் மயூர் விஹார் போய்ச் சொன்னேன். ஏதோ பெரிய ஆபத்திலிருந்து காப்பாற்றியவன் போலத்தான் சொன்னேன். காபி டம்ளரை வைத்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: “நாம வித்தோம், சரி. அதை யாரோ வாங்கியிருக்காளே, அவாளுக்குப் பயமா இல்லையாடா?”

மறுநாளே சந்தை 8 சதவீதம் ஏறியது. 22-ஆம் தேதி மன்மோகன் சிங் பிரதமரானார், ப. சிதம்பரம் நிதியமைச்சரானார். அந்த வருஷக் கடைசியில் சென்செக்ஸ் 6,600. 2007 கடைசியில் 20,000-க்கு மேல். ஆட்சிக்கு யார் வரப்போகிறார்களோ என்று பயந்து விற்றேனே, அவர்கள் போட்ட முதல் பட்ஜெட்டில்தான் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2004 ஆகஸ்ட் முதல் 9 சதவீத வட்டி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கையில். மன்னிக்கு அப்போது 62 வயது. விற்ற பணத்தைக் கொண்டுபோய் அதில் போட்டேன். யாரிடமிருந்து ஓடினேனோ அவர்களிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வட்டி மன்னியின் மாதச் செலவுக்குச் சரியாக இருந்தது. அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதல் வளரவில்லை. 2012-ல் பேரன் பூனாவில் இன்ஜினீயரிங் சேர்ந்தபோது சென்செக்ஸ் சுமார் 17,000. அந்தப் பங்குகள் குறியீட்டெண் ஏறிய அளவுக்கு ஏறியிருந்தாலே ஏறக்குறைய நாலு மடங்காகியிருக்கும். அவன் படிப்புக்கு வங்கியில் கல்விக் கடன் வாங்கினார்கள். நான் கட்டுகிறேன் என்றேன். “உன் பென்ஷன்ல கை வைக்காதே” என்று மன்னி ஒரேயடியாக மறுத்துவிட்டார். வேலையில் சேர்ந்து முதல் நாலு வருஷம் அந்தக் கடனைப் பையன்தான் அடைத்தான்.

உண்மையான எச்சரிக்கைகள்

அப்படியானால் செய்தியே பார்க்கக் கூடாதா என்று கேட்கலாம். அப்படியல்ல. யூனிட் டிரஸ்டின் யு.எஸ்.-64 கதை நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 1964-ல் பத்து ரூபாய் யூனிட்டாக ஆரம்பித்து, 1990-களின் நடுவில் 26 சதவீதம் வரை டிவிடெண்ட் கொடுத்த திட்டம். ‘சர்க்கார் சமாசாரம்’ என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அதற்கு அரசின் எழுத்து மூலமான உத்தரவாதம் கிடையாது. 1998 அக்டோபரில் அதன் கையிருப்பு நிதி எதிர்மறையாகிவிட்டது என்ற செய்தி வந்தது. அது வதந்தியல்ல, அந்த ஸ்தாபனத்தின் கணக்கே சொன்ன செய்தி. அரசு கை கொடுத்ததும் பலர் மறந்துவிட்டார்கள். 2001 ஜூலையில் யூனிட் விற்பதும் திரும்பப் பெறுவதும் ஆறு மாதத்துக்கு நிறுத்தப்பட்டன. 2002 ஆரம்பத்தில் உண்மை மதிப்பை வெளியிட்டபோது ஒரு யூனிட் 6 ரூபாய்க்கும் குறைவு. அதற்குச் சில மாதம் முன்பு வரை 14 ரூபாய்க்கு மேல் விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதல் 5,000 யூனிட்டுக்கு 12 ரூபாய் தருவதாக அரசு முன்வந்ததால் சிறு முதலீட்டாளர்கள் ஓரளவு தப்பினார்கள்.

வட்டி விகிதச் செய்தி இன்னொரு வகை. பி.பி.எஃப். வட்டி 1986-லிருந்து 12 சதவீதமாக இருந்தது. 2000 ஜனவரியில் 11, 2003-ல் 8, 2020 ஏப்ரலில் 7.1. 12 சதவீதத்தில் 6 வருஷத்தில் இரட்டிப்பாகும் பணம், 7.1-ல் இரட்டிப்பாகப் பத்து வருஷம் பிடிக்கும். இவையெல்லாம் உள்பக்கத்தில் நாலு வரிச் செய்தியாக வந்தன. அன்று யாரும் யாருக்கும் பதறிப் போன் செய்யவில்லை. ஆனால் நடுத்தரக் குடும்பங்களின் கணக்கை எந்தத் தேர்தலையும்விட அதிகமாக மாற்றியவை இவைதான்.

அதிலும் முள் ஆடுவதுண்டு. 2021 மார்ச் 31 அன்று சிறுசேமிப்பு வட்டிகளைக் குறைத்து ஆணை வந்தது. மறுநாள் காலையிலேயே, கவனப் பிசகால் வெளியானது என்று சொல்லித் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ராத்திரியே தீர்மானம் செய்தவன் காலையில் என்ன செய்வான்?

மூன்று வகை

ஐம்பது வருஷத்தில் நான் கண்டது இது. செய்திகள் மூன்று வகை.

ஒன்று, யார் வருவார்கள், யார் போவார்கள், சந்தை இன்று எத்தனை புள்ளி என்பது. இது ஆடும் முள். பார்க்கலாம், ரீடிங் எடுக்கக் கூடாது. 2004 மே 17-ல் விழுந்த அதே சந்தை, 2009 மே 18 அன்று தேர்தல் முடிவைக் கேட்டு 2,100 புள்ளிகளுக்கு மேல் ஏறி, அன்றும் வர்த்தகத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. 2016 நவம்பர் 8 ராத்திரி இங்கே 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்ற அறிவிப்பு, விடிந்தால் அமெரிக்காவில் டிரம்ப் ஜெயித்த செய்தி. காலையில் 1,600 புள்ளிகளுக்கு மேல் சரிந்த சென்செக்ஸ், மாலையில் சுமார் 340 புள்ளி இழப்போடு முடிந்தது.

இரண்டு, வட்டி, வரி, விலைவாசி. சத்தம் போடாது. பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்து வருஷத்துக்கு ஒரு தடவையாவது கணக்குப் போட வேண்டும்.

மூன்று, நம் பணத்தை வைத்திருக்கும் ஸ்தாபனத்தைப் பற்றிய செய்தி. கணக்கு சரியில்லை, ஆடிட்டர் விலகினார், மற்ற இடத்தைவிட 3, 4 சதவீதம் கூடுதல் வட்டி தருகிறார்கள் என்பது போன்றவை. இதற்கு மட்டும் தாமதிக்கக் கூடாது. டெபாசிட் இன்ஷூரன்ஸ் 2020 பிப்ரவரி முதல் 5 லட்சம். அதற்கு மேல் ஒரே வங்கியில் வைப்பவர்கள் அந்த வங்கியின் யோக்கியதையைத் தெரிந்துகொண்டு வைக்க வேண்டும்.

முள் எப்போதும் மூன்று நாளில் நின்றுவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. 2008 ஜனவரியில் 21,000-ஐத் தாண்டிய சென்செக்ஸ், அக்டோபரில் 8,000-க்குக் கீழே போனது. மறுபடி 21,000-ஐப் பார்க்க 2010 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே அடுத்த ஐந்து வருஷத்துக்குள் தேவைப்படும் கல்யாணச் செலவு, வைத்தியச் செலவு எதுவும் பங்குச் சந்தையில் இருக்கவே கூடாது. முக்கியமாக இன்னொன்று. அடுத்தவர் பணம் நம் பொறுப்பில் இருந்தால், அவரைக் கேட்டு, ஒரு ராத்திரி தூங்கி எழுந்து செய்ய வேண்டும். டிவிக்கும் வராந்தாவுக்கும் நடுவில் செய்யக் கூடாது.

அரை மணி கழித்துப் பேரனைக் கூப்பிட்டேன். முதலில், “இந்தப் பணம் உனக்கு எப்போ வேணும்?” என்றேன். “இப்போதைக்கு வேண்டாம் தாத்தா, பத்து வருஷமாவது ஆகும்” என்றான். பிறகு 2004 கதையை, கல்விக் கடன் உட்பட, ஒளிக்காமல் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“பாட்டி என்ன சொன்னா?” என்றான்.

மன்னி 2019-ல் காலமாகிவிட்டார். அவர் கேட்ட கேள்வியை அப்படியே சொன்னேன். சிரித்துவிட்டு, “சரி தாத்தா, நான் ஆபீஸ் வேலையைப் பார்க்கறேன்” என்றான். அன்று சென்செக்ஸ் 4,389 புள்ளி இழந்து 72,079-ல் முடிந்தது. வெள்ளிக்கிழமை 76,693. அவன் அதைப் பற்றி எனக்குப் போன் செய்யவில்லை. நானும் கேட்கவில்லை.